ழகரத்தின் வாலும் பதினான்கு குறைகளும்

ரொனால்ட் வரைந்த எழுத்தைப் பார்க்காமல் தியாகராய நகரைக் கடந்து போவது கஷ்டம். ரங்கநாதன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. ஆடி பிறந்தால் அதன் நான்கு மாடிகளையும் மறைத்து ஒரு பேனர் தொங்கும். அதில் ‘தள்ளுபடி’ என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரம். அந்த ஐந்து எழுத்துகளும் அவருடையவை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறுகிறவர்கள் மடியில் வைத்துக்கொண்டு போகும் கட்டைப்பைகளில் இருக்கும் கடைப் பெயரும் அவர் வரைந்ததுதான். கடையின் விளம்பரப் பிரிவில் பதினேழு ஆண்டுகள். வயது நாற்பத்திரண்டு. இத்தனை எழுத்துகளில் ஒன்றின் அடியிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

முதலாளி மாணிக்கவாசகத்தை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். வரைந்ததைக் கணினித் திரையில் காட்டினால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

“இன்னும் பெருசாக்குப்பா. எதிர்த்த கடைக்காரனுக்குக் கண்ணு கூசணும்லா.”

பெரிதாக்கிவிட்டு ரொனால்ட் சாந்தோமில் இருக்கும் வீட்டுக்குப் போவார். பல வருடங்கள் இப்படியே போயின. போன வருடம்தான் அவருடைய கைப்பேசிக்குள் ‘வழி’ வந்தது.

‘வழி’ ஓர் இலவசச் செயலி. சென்னையில் நடந்து போகிறவர்களுக்கானது. எந்த நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, எங்கே மழைநீர் தேங்கியிருக்கிறது, எந்தப் பறக்கும் ரயில் நிலையத்தில் லிப்ட் ஓடவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும். தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் சாய்மா என்ற பெண் அதைத் தொடங்கினாள். சம்பளம் கிடையாது. நாற்பது, ஐம்பது பேர் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள், தெரியாதவர்கள் நடைபாதைகளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள்.

செயலியில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் உண்டு. வேலை செய்த அத்தனை பேருடைய பெயரும், செய்த வேலையோடு சேர்த்து அங்கே இருக்கும். வேறு யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ரொனால்ட் பார்த்தார். வரிசையாகப் படித்துக்கொண்டு போனார். ‘எழுத்து வடிவம்’ என்ற இடத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. செயலியின் முகப்பில் ‘வழி’ என்று எழுதியிருந்தது கணினியில் முதலில் அகப்பட்ட ஏதோ ஓர் எழுத்துரு.

அன்றைக்கே குழுவில் சேர்ந்து, லோகோவுக்கான எழுத்தைத் தான் வரைந்து தருவதாகச் சொன்னார். அந்த வெற்றிடத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

இரண்டே எழுத்துகள்தான். வ, ழி. முதல் வடிவத்தை அவர் அனுப்பியபோது மயிலாப்பூர் ஸ்ரீஹரி முதலில் பதில் போட்டான். செயலியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்.

“எல்லாம் நன்னாத்தான் இருக்கு சார். ஆனா பார்த்த உடனே உள்ள போய் ரெண்டு புடவை எடுத்துண்டு வரணும்போல இருக்கே!”

குழுவில் சிரிப்பு பொங்கியது. ரொனால்டும் ஒரு சிரிப்புப் படத்தைத் தட்டிவிட்டு, மறுநாள் இரண்டாவது வடிவம் அனுப்பினார். கொஞ்சம் மெலிசாக வேண்டும் என்றார்கள். மெலிந்ததும், கொஞ்சம் தெம்பு வேண்டும் என்றார்கள். எழுத்து இன்னும் நட்பாக இருக்கலாம் என்று ஒருவர் எழுதினார்.

“எழுத்து எப்படி டீனா நட்பா இருக்கும்? கை குடுக்குமா?” என்று மனைவியிடம் கேட்டார். டீனா பள்ளியில் கணக்கு டீச்சர்.

“எங்கிட்ட கேக்காதீங்க. எங்க நம்பருங்க யாருக்கும் கை குடுக்காது.”

இப்படிப் புலம்பினாலும் அந்த ஆறு வாரங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. முன்பின் தெரியாத நாற்பது பேர் அவர் போட்ட வளைவைப் பற்றிப் பேசினார்கள். ‘பெருசாக்கு’ என்பதைத் தவிர வேறு எதையோ சொன்னார்கள். ஒன்பது வடிவங்கள் ஆயிற்று. ஒரே ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ழகரத்தின் வாலைக் கீழே இறக்கி, சுருட்டி, ஒரு வளையமாக மூடியிருந்தார். பெரிதாகப் பார்த்தால் கம்மல் போல இருந்தது. கைப்பேசித் திரையில் மற்றச் செயலிகளுக்கு நடுவே விரல் நுனி அளவுக்குச் சுருங்கும்போது அந்த வளையம் அடைத்துக்கொண்டு ஒரு பொட்டாகிவிட்டது. சுருட்டலைப் பெரிதாக்கிப் பார்த்தார், கோட்டை மெலியவைத்துப் பார்த்தார். சரியாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கீர்த்தி ஒரு படம் போட்டாள்.

ராயப்பேட்டையில் ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். இருபத்தைந்து வயது. குழுவில் சேர்ந்து பதினொரு நாள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் உடற்பயிற்சி அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ‘வழி’ என்று எழுதி, அதைக் கணினியில் ஏற்றிக் கோடிழுத்திருந்தாள். ‘சும்மா ட்ரை பண்ணேன். ரொனால்ட் அண்ணா போட்ட மாதிரி நீட்டா வரல’ என்று கீழே ஒரு வரி.

கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். ரொனால்ட் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் திறந்தார். வகரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ழகரத்தின் கால் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருந்தது. மேலே வளையும் கொக்கி உடம்பை விட்டு எங்கோ விலகி நின்றது. கற்றுக்குட்டியின் வேலை. ஆனால் வால் சுருளவில்லை. கீழே இறங்கி, இடப்பக்கம் திரும்பி, வகரத்தின் அடியில் ஒரு கோடாக நீண்டு, மூடாமல் அப்படியே நின்றுவிட்டது.

எவ்வளவு சுருக்கினாலும் அது அடைக்காது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒன்பது வடிவங்களில் ஒருமுறைகூட வாலைத் திறந்து விடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாதம் ஆறிப்போனது.

ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு இதயங்கள். அவருடைய ஒன்பதாவது வடிவத்துக்கு மொத்தம் எட்டு. அதில் ஒன்று டீனாவுடையது. இந்தக் கணக்குக்காகவே அவளைக் குழுவில் சேர்த்திருந்தார்.

கீர்த்தியின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நாயோடு நிற்கும் படம், யாரோ ஒருவருடைய கல்யாணம், மாவடு ஜாடி. ஓவியம் ஒன்றுகூட இல்லை. எங்காவது கலைக்கல்லூரியில் படித்தவளாக இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். முழங்கால் வலிக்குக் கால் நீட்டச் சொல்லித் தருகிற பெண்ணுக்கு, ஒரு மதியத்தில், ஸ்கெட்ச் பேனாவில் அது வந்துவிட்டது. அந்த ஜாடி படத்தைக்கூடப் பெரிதாக்கி, ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்தார். சுமாராகத்தான் இருந்தது. அதுவும் ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமை பிற்பகல், இரண்டு முகூர்த்தப்பட்டு பேனர்களுக்கு நடுவே, கீர்த்தியின் வடிவத்தில் இருக்கும் குறைகளை எழுத உட்கார்ந்தார். மரியாதையான மொழி. ஒவ்வொன்றுக்கும் எண். வகரம் சாய்கிறது. காலின் தடிமன் சீராக இல்லை. கொக்கி விலகியிருக்கிறது. இந்த மூன்றும் உண்மை. மூன்றோடு நிறுத்தினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று தோன்றியது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், வளைவில் முதிர்ச்சி இல்லை, நிறம் ஆழமாக இல்லை என்று வளர்ந்து பதினான்கில் போய் நின்றது. ஒன்பதாவது குறை: வால் முடிவடையாமல் நிற்கிறது, மூட வேண்டும்.

டீனா அன்று மாலை அதைக் குழுவில் படித்தாள்.

“ஏங்க, பத்தாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பருக்குக்கூட நான் இவ்ளோ சிவப்பு மை செலவழிச்சதில்ல.”

“தொழில்ரீதியா சொல்லியிருக்கேன்.”

“தொழில்ரீதியாவா? ‘கீர்த்தி அனுபவமில்லாதவர் என்பதால்’னு ரெண்டு எடத்துல இருக்கு. குறை எழுத்துக்கா, அவளுக்கா?”

அவர் பதில் சொல்வதற்குள் சாய்மாவின் செய்தி வந்தது.

“சூப்பர் அண்ணா! இவ்ளோ டீடெயிலா யாரும் பார்த்ததே இல்ல. பதினாலையும் உங்க பேர்ல போட்டுட்டேன். கீர்த்தி, ஃபைலை அண்ணாவுக்கு அனுப்பிடு.”

அந்தக் குழுவின் வழக்கம் அது. யார் குறை சொல்கிறார்களோ அவர்களே அதைச் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ‘தேவையில்லை’ என்று காரணத்தோடு எல்லோரும் பார்க்கும்படி எழுதி மூட வேண்டும். சும்மா நொட்டை சொல்லிவிட்டுப் போக முடியாது. ரொனால்டுக்கு இது தெரியும். நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார். பதினேழு வருடமாக அவர் பார்த்த இடத்தில் குறை சொல்கிறவர் அண்ணாச்சி, திருத்துகிறவர் ரொனால்ட். குறை சொன்னவர் மேஜைக்கே வேலை வந்து சேரும் ஊர் ஒன்று இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் கீர்த்தியின் கோப்பு வந்தது, கூடவே ஒரு குரல் பதிவு. “அண்ணா, என்ன வேணா பண்ணுங்க. எனக்கு அந்த சாஃப்ட்வேரே சரியா வராது. யூடியூப் பார்த்துதான் ஒப்பேத்தினேன்.”

கோப்பைத் திறந்து ஒன்றொன்றாகத் திருத்தத் தொடங்கினார். வகரத்தை நிமிர்த்தினார். காலைச் சீராக்கினார். கொக்கியை இறக்கினார். இடைவெளியைக் குறைத்தார். ஒன்பதாவது குறைக்கு வந்ததும் வாலைச் சுருட்டி வளையமாக மூடினார். பதினான்கும் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது திரையில் இருந்தது அவருடைய ஒன்பதாவது வடிவமேதான். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நிறைய நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, எல்லாம் அவர்கள் சட்டப்படி. யாராலும் ஒன்றும் கேட்க முடியாது.

ஆனால் அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. முகப்பில் எதை மாற்றினாலும் தெருவில் காட்டிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லஸ் முனையில் கூடினார்கள். சாய்மா, ஸ்ரீஹரி, ரொனால்ட், கீர்த்தி. நல்ல வெயில். சாய்மா தன்னுடைய பழைய, வெளிச்சம் மங்கிய கைப்பேசியைக் கொண்டுவந்திருந்தாள். அதில் இரண்டு சின்னப் படங்கள்: கீர்த்தி முதலில் போட்டது ஒன்று, ரொனால்ட் திருத்தியது ஒன்று. கையை நீட்டிப் பிடித்து, போகிறவர் வருகிறவரிடம் இது என்ன என்று கேட்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது.

கீர்த்தியை ரொனால்ட் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதுகில் பை, கையில் மோர் பாக்கெட். “வணக்கம் அண்ணா” என்று சொல்லிவிட்டு மோர் உறையைக் கடித்துத் திறந்தாள். பதற்றமே இல்லை. தேர்வு முடிவுக்கு வந்தவர் போல ரொனால்ட் தேய்த்த சட்டையில் நின்றார்.

முதலில் அகப்பட்டவர் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர் கபாலி. சாய்மா முதலில் ஒரு படத்தைக் காட்டினாள். ரொனால்ட் திருத்தியது.

“இன்னா மேடம் இது? நண்டு காலைச் சுருட்டிக்கினு குந்திக்கினு கீது.”

“எழுத்து எதுனா தெரியுதாண்ணா?”

“எழுத்தா? தோ, இத்தா?” கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “நண்டுதான்.”

சாய்மா அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

“இது ‘வழி’ன்னு போட்டுக்கீது. இத்தப் படிக்க ஒரு ஆளா? எங்க போணும், அத்த சொல்லுங்க.”

அடுத்து, பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள். நண்டு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏதோ கொடுக்கு மாதிரி, தேளா?” என்றாள். இரண்டாவதைப் பார்த்ததும், “வழி” என்று சொல்லிவிட்டுப் பூவுக்குத் திரும்பினாள்.

“அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல போல” என்று ரொனால்ட் சாய்மாவிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்தார்.

“கண்ணு சரியில்லாமத்தான் காலையிலேருந்து நாலு பந்து ஜாதிப்பூ கட்டியிருக்கனா சார்?” என்றாள் பேச்சியம்மாள். “வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி நிழலை விட்டு நவுரு.”

ஸ்ரீஹரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு முழம் வாங்கினான். இன்னும் மூன்று பேரிடம் காட்டினார்கள். ஒருவர் மட்டும் ரொனால்டின் படத்தைச் சரியாகப் படித்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

கீர்த்தி கைப்பேசியை வாங்கி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“அண்ணா, ‘வ’ இப்ப செமயா நிக்குது. நான் போட்டது இடுப்பு புடிச்ச மாதிரி சாஞ்சே இருந்துச்சு, எப்படி நிமித்தறதுன்னே தெரியல. கால் கனம், அந்த மேல் கொக்கி, இந்த மூணையும் வச்சுக்கிட்டு வாலை மட்டும் பழையபடி விட்டுடலாமா?”

பதினான்கில் உண்மையான மூன்றையும், வரிசை மாறாமல், நடுரோட்டில் நின்று மோர் குடித்துக்கொண்டே எடுத்துவிட்டாள். கைதான் அவளுக்குப் பழகவில்லை, கண் இருக்கிறது. வால் அவளுக்குக் குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்தது என்று ரொனால்ட் ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்தார். அதுவும் போயிற்று.

அன்று பிற்பகல் வீட்டில் உட்கார்ந்து பதினொரு குறைகளை எல்லோரும் பார்க்கும்படி மூடினார். இடைவெளி அதிகம்: தேவையில்லை, படிக்க வசதியாகவே இருக்கிறது. முதிர்ச்சி இல்லை: தேவையில்லை, நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்பதாவதுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ‘வாலை மூடினால் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். திறந்திருப்பதே சரி’ என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

மீதி மூன்றையும் திரும்பச் செய்தார். வகரம் சாயாமல், ஆனால் விறைக்காமலும் நிற்க வேண்டும். காலின் கனம் வாலுக்குள் இறங்கும் இடத்தில் தெரியாமல் குறைய வேண்டும். கீர்த்தியின் வாலை அவர் தொடவில்லை. அது இன்னும் நன்றாகத் தெரிவதற்காக மற்றதையெல்லாம் திருத்தினார். அந்த எரிச்சலோடுதான் செய்தார். அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் மிகச் சிறந்தது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், எது அவர் செய்தது என்று கண்டுபிடிக்க முடிந்தால்.

குழு ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை சாய்மா புதிய பதிப்பை வெளியிட்டாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் ரொனால்ட் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைத் திறந்தார்.

எழுத்து வடிவம்: ஆ. ரொனால்ட்.

வேறு பெயர் இல்லை. ஸ்ரீஹரியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அது தானா எடுத்துக்கறது சார். ஃபைலை யார் கடைசியா சேவ் பண்றாளோ அவா பேரைப் போட்டுடும். மத்த வேலைக்கெல்லாம் நிறைய ஃபைல் இருக்கு, எல்லார் பேரும் எதுலயாவது வந்துடும். லோகோ இப்பத்தானே முதல் தடவை, யாரும் யோசிக்கலை. ஏன், பேர் ஏதாவது தப்பா வந்திருக்கா?”

ரொனால்ட் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார்.

“இல்ல. சரியாத்தான் இருக்கு” என்றார்.

அந்தப் பெயரோடு இரண்டு நாள் வாழ்ந்தார். ரயிலில் எடுத்துப் பார்த்தார். அப்பா ஆம்ப்ரோஸிடம் காட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தன் முதலெழுத்தில் விரலை வைத்து, “நல்லா இருக்குடா” என்றார். டீனா பெருமையாகப் படம் பிடித்து அவர்கள் அன்பியக் குழுவில் போட்டாள். பங்குக் கோயிலைச் சேர்ந்த அவர்கள் தெருக் குடும்பங்களிலிருந்து முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு அது. செபமாலை நேரத்தையும் ரத்தத் தேவையையும் தவிர வேறு எதுவும் வராத இடத்தில் வாழ்த்துகள் குவிந்தன. பக்கத்து வீட்டு ஐரின் ஆன்டி பள்ளியில் வரைதல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நீளமாக எழுதியிருந்தார்.

“ரொனால்ட், அந்த ழ-வோட வால் ஒண்ணு போதும்பா! மூடாம விட்டிருக்கே பாரு, அங்கதான் இருக்கு அழகே. எப்படித் தோணுச்சு உனக்கு?”

அதற்குக் கீழே நான்கு பேர், ‘ஆமாம், அந்த வால்’, ‘வால் சூப்பர்’.

ரொனால்ட் மேலும் கீழும் தள்ளித் தேடினார். வகரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. காலைப் பற்றி, கொக்கியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் பெயரைப் போட்டுக்கொண்ட இடத்திலும் வந்து அவளையே பாராட்டுகிறார்கள். ‘எப்படித் தோணுச்சு’ என்ற கேள்விக்கு என்ன பதில் எழுதுவது? எழுத ஆரம்பித்தார். ‘ரொம்ப நாள் யோசித்து’ என்று அடித்தார். அழித்தார்.

வியாழக்கிழமை மதியம், கடைப் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து கீர்த்தியைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்கண்ணா. ஒரு பாட்டிக்கு ஐஸ் வச்சிருக்கேன், பத்து நிமிஷம் ஃப்ரீ.”

“அந்தப் பேர் வர்ற பக்கம் பார்த்தியாம்மா?”

“பார்த்தேனே.”

“உன் பேர் அதுல இல்ல.”

அவள் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“கவனிச்சேன்ணா. நீங்கதானே வேலையெல்லாம் பண்ணீங்க, அப்படித்தான் போடுவாங்க போலன்னு விட்டுட்டேன்.” பிறகு சொன்னாள்: “அம்மாகிட்ட காட்டினேன். உன் பேரு எங்கடின்னு கேட்டாங்க. அடுத்த வாட்டி வரும்னு சொல்லிச் சமாளிச்சேன்.”

அவள் கவலைப்படாதவள் என்று ரொனால்ட் நினைத்திருந்தார். அப்படி இருந்திருந்தால் அந்தப் பெயரை இன்னும் சில நாள் வைத்துக்கொண்டிருக்க முடிந்திருக்கும்.

“அது தப்பா வந்தது. எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்” என்றார். “மாத்திடறேன். இனிஷியல் என்ன?”

செவ்வாய்க்கிழமை என்பதை அவள் கேட்டுக்கொண்டாள் என்பது தெரிந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பு. அம்மா பேரு புஷ்பம். அம்மா பேர்லதான் போட்டுக்கறேன். உங்க பேரு பக்கத்துலயே வருமாண்ணா?”

“பக்கத்துல வேணாம். கீழ வரட்டும்.”

பெருந்தன்மையால் சொன்னதல்ல. பக்கத்தில் நின்றால் அது அவள் கொடுத்த இடமாகிவிடும் என்று தோன்றியது.

சாய்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள், “ஐயோ, ஆமால்ல!” என்று அந்தப் பக்கத்தைக் கையால் திருத்த அவருக்கே அனுமதி கொடுத்தாள். மாலை வீட்டுக்கு வந்ததும் தன் பெயரை அழித்துவிட்டு ‘எழுத்து வடிவம்: பு. கீர்த்தி’ என்று அடித்தார். அதன் கீழே ‘திருத்தம்: ஆ. ரொனால்ட்’. சேமித்துவிட்டுக் கைப்பேசியில் பார்த்தார். இரண்டு வரியும் ஒரே அளவுதான். ஆனால் மேல் வரி மேலேதான் இருந்தது.

டீனா பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

“அன்பியம் குரூப்ல என்னங்க சொல்றது? நான்தானே போட்டேன்.”

“நானே சொல்லிடறேன்.”

“இன்னும் எரியுதா?”

“எரியுது. தினமும் அந்த ‘வழி’யைத்தானே திறக்கிறேன், ஃபோன்ல முதல் பக்கத்துலயே இருக்கு.”

“அப்ப நவுத்தி ரெண்டாம் பக்கத்துல வைங்க.”

“வேணாம். அங்கேருந்தும் நல்லாத்தான் தெரியும்.”

அன்பியக் குழுவைத் திறந்து ஐரின் ஆன்டியின் கேள்விக்குக் கீழே எழுதினார்: ‘ஆன்டி, அந்த வால் எனக்குத் தோன்றியதில்லை. கீர்த்தி என்ற பெண் வரைந்தது. அவள் பெயர் விட்டுப்போனதை மூன்று நாளாகத் தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். நான் செய்தது வகரத்தை நிமிர்த்தியது, ழகரத்தின் காலைச் சீராக்கியது, மேல் கொக்கியை இறக்கியது.’

பிறகு ஐரின் ஆன்டி எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. டீனாவும் குனிந்து பார்த்தாள்.

“உண்மையைச் சொன்னது நல்லதுப்பா. அந்தப் பொண்ணுகிட்ட என் வாழ்த்தைச் சொல்லு.” அடுத்த செய்தி ஒரு நிமிடம் கழித்து வந்தது. “வகரத்துக்கு என்ன ஆச்சு? அது எப்பவும் நிக்கற மாதிரிதானே நிக்குது?”